ரெண்டர் செய்த வீடியோவில் கோடு கோடாக வருகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் இருக்கும் பழைய கல்யாண கேசட்டை, காதுகுத்து கேசட்டை கம்ப்யூட்டருக்கு மாற்றி, வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, ராத்திரி முழுக்க ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோ ஃபைலாக்குவது) போட்டிருப்பீர்கள். காலையில் டிவியில் ஓடவிட்டால், ஆட்கள் அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் போலக் கிடைக்கோடுகள். அசையாத சுவரும் பந்தல்காலும் பளிச்சென்று இருக்கும். மாலை மாற்றும் கைகள் மட்டும் கிழிந்து தெரியும். இதை இன்டர்லேஸ் கோடு என்பார்கள். இதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

கேசட் கெட்டுப்போய்விட்டதா? இந்தக் கோடு எங்கிருந்து வருகிறது?

கேசட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஏனென்றால் "டேப் போயிடுச்சு" என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நம் ஊரில் புழங்கியது பால் (PAL) என்ற டிவி முறை. மொத்தம் 625 வரிகள், அதில் படமாகத் தெரிபவை 576. ஒரு விநாடிக்கு 25 ஃப்ரேம். ஆனால் அந்தக் காலத்து கேமரா ஒரு ஃப்ரேமை ஒரே மூச்சில் எடுப்பதில்லை. முதலில் ஒன்றுவிட்டு ஒரு வரியாக 288 வரிகளை எடுக்கும். அடுத்து, விநாடியில் 50-ல் ஒரு பங்கு கழித்து, விட்டுப்போன 288 வரிகளை எடுக்கும். இந்த ஒவ்வொரு பாதிக்கும் ஃபீல்டு என்று பெயர். ஆக ஒரு விநாடிக்கு 50 ஃபீல்டு, 50 வெவ்வேறு தருணங்கள்.

பழைய குழாய் டிவி அதே வரிசையில் வரைந்ததால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, அசைவும் வழுக்கிக்கொண்டு போனது. 1936-ல் பிபிசி 405 வரிகளில் ஒளிபரப்பத் தொடங்கியபோதே இந்த ஏற்பாடுதான். அலைவரிசையில் இருந்த இடம் குறைவு. அதற்குள் படமும் நடுங்காமல் இருக்க வேண்டும், அசைவும் சீராக இருக்க வேண்டும். அதற்கு இது அருமையான வழி.

இன்றைய திரை எல்லா வரிகளையும் ஒன்றாகக் காட்டுகிறது. இரண்டு தருணங்களும் ஒரே படத்தில் பின்னிக்கொண்டு வந்து நிற்கின்றன. ஒரு கை படத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஒரு விநாடியில் போகிறது என்று வையுங்கள். அகலம் 720 பிக்சல். இரண்டு ஃபீல்டுகளுக்கு நடுவில் அந்தக் கை ஏறத்தாழ 14 பிக்சல் நகர்ந்திருக்கும். நீங்கள் பார்க்கும் சீப்புப் பல்லின் நீளம் அதுதான். கெட்டிமேளத்தின்போது தவில்காரரின் குச்சியை நிறுத்திப் பாருங்கள்: ஒரே ஃப்ரேமில் ஒரு குச்சி தோலைத் தொட்டிருக்கும், அதே குச்சி மேலேயும் தூக்கியிருக்கும், இரண்டும் ஒன்றுவிட்ட வரிகளில். அங்கே பழுது எதுவும் இல்லை. இரண்டு தருணமும் முழுசாகப் பதிவாகி இருக்கின்றன.

எடிட் செய்யும்போது நன்றாகத்தான் இருந்தது. ரெண்டரில் மட்டும் ஏன் வருகிறது?

எடிட்டிங் மென்பொருளின் சின்ன பிரிவியூ ஜன்னல் பெரும்பாலும் பாதி அளவில்தான் காட்டும். பாதி அளவு என்றால் ஒன்றுவிட்டு ஒரு வரி. அதாவது ஒரே ஃபீல்டு. கோடு தெரிய வழியே இல்லை. பிரிவியூவை முழு அளவில் வைத்து, நூறு சதவீதத்தில் பாருங்கள், அங்கேயும் இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. மூல ஃபைலில் "நான் இன்டர்லேஸ்" என்று ஒரு குறிப்பு இருக்கும். பிளேயர் அதைப் படித்துவிட்டு, ஓட்டும்போதே கோட்டை நீக்கிவிடும். நீங்கள் புரோகிரசிவ் (எல்லா வரிகளும் ஒரே தருணம்) என்று எக்ஸ்போர்ட் செய்ததும் அந்தக் குறிப்பு போய்விடுகிறது, கோடு மட்டும் படத்தோடு படமாகப் பதிந்துவிடுகிறது. அதற்கப்புறம் எந்த டிவியும் அதைத் தானாகச் சரிசெய்யாது.

என்னிடம் இருப்பது இன்டர்லேஸ் வீடியோதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்தால் ஸ்கேன் டைப், ஸ்கேன் ஆர்டர் இரண்டும் எழுதியிருக்கும். ஆனால் அதை அப்படியே நம்பாதீர்கள், அது வெறும் சீட்டுத்தான். கண்ணால் பார்ப்பதே மேல். யாராவது குறுக்கே நடக்கும் இடத்துக்குப் போய், ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்துங்கள். எல்லா ஃப்ரேமிலும் பல் இருந்தால் இன்டர்லேஸ். ஒன்றிலும் இல்லையென்றால் புரோகிரசிவ், எதுவும் செய்ய வேண்டாம். சில கேமராக்கள் முழு ஃப்ரேமாக எடுத்துவிட்டு இன்டர்லேஸ் என்று சீட்டு ஒட்டிவிடும். அதற்குப் போய் டீஇன்டர்லேஸ் (ஃபீல்டுகளைப் பிரித்து முழு ஃப்ரேமாக்குவது) போட்டால் இருக்கிற கூர்மையும் போகும்.

கட்டளை எழுதி இயக்கும் எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) மென்பொருள் பழகியவர்கள் அதிலுள்ள ஐடெட் (idet) ஃபில்டரை ஓடவிடலாம். எத்தனை ஃப்ரேம் மேல் ஃபீல்டு (படத்தின் முதல் வரியில் தொடங்கும் பாதி) முதல், எத்தனை கீழ் ஃபீல்டு முதல், எத்தனை புரோகிரசிவ் என்று எண்ணியே கொடுத்துவிடும்.

ஃபீல்டு ஆர்டர் என்கிறார்களே, அது என்ன? தப்பாக வைத்தால் என்ன ஆகும்?

இரண்டு பாதியில் எது முதலில் எடுக்கப்பட்டது என்பதுதான் ஃபீல்டு ஆர்டர். மினிடிவி (MiniDV) என்ற சின்ன டிஜிட்டல் கேசட்டிலிருந்து, கேமராவைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஃபயர்வயர் கேபிள் வழியாக எடுத்தது என்றால் கீழ் ஃபீல்டு முதலில். ஹெச்டிவி (HDV), ஏவிசிஹெச்டி (AVCHD) வகை ஹெச்டி கேமராக்கள் என்றால் மேல் ஃபீல்டு முதலில். விஹெச்எஸ், ஹை8 கேசட்டுகளை கேப்சர் கார்டு மூலம் எடுத்திருந்தால் அது கார்டைப் பொறுத்தது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

சோதிப்பது எளிது. ஒரு பத்து விநாடித் துண்டை விநாடிக்கு 50 ஃப்ரேமாக டீஇன்டர்லேஸ் செய்யுங்கள். அசையும் ஒரு பொருளை ஃப்ரேம் ஃப்ரேமாகப் பாருங்கள். ஒரே திசையில் போனால் ஆர்டர் சரி. முன்னால், பின்னால், முன்னால், பின்னால் என்று உதறினால் ஆர்டர் தலைகீழ். ஓடவிட்டுப் பார்த்தாலே தெரியும்: நடப்பவர் நடுங்கிக்கொண்டே நடப்பார். நிலையாக நிற்பவர் முகத்தில் ஒன்றுமே தெரியாது, அதனால் நிற்பவரை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

சரி, எந்த வரிசையில் வேலை செய்ய வேண்டும்?

இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். முதலில் ஃபீல்டுகளைப் பிரிக்க வேண்டும், அதாவது டீஇன்டர்லேஸ் செய்ய வேண்டும். அளவு மாற்றுவது, வெட்டுவது, சுழற்றுவது, நடுக்கம் நீக்குவது, நிறம் பார்ப்பது எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஏன் என்றால், 576 வரிப் படத்தை அப்படியே 1080-க்கு இழுத்தால் மென்பொருள் பக்கத்துப் பக்கத்து வரிகளைக் கலந்து புது வரி உண்டாக்கும். பக்கத்து வரி வேறு தருணத்தைச் சேர்ந்தது என்று அதற்குத் தெரியாது. மெல்லிய ஒற்றை வரிப் பல், தடித்த மங்கலான பட்டையாக மாறிவிடும். எந்த வரி எந்த ஃபீல்டு என்ற கணக்கே தொலைந்துபோகும். அதற்குப் பிறகு எந்த ஃபில்டரும் அதைப் பிரிக்க முடியாது. சுழற்றினாலும் இதே கதை. படத்துக்குள் படம் வைப்பது, இதய வடிவச் சட்டத்துக்குள் மணமக்களைச் சுருக்கி வைப்பது என்று கல்யாண வீடியோவில் வரும் அத்தனை எஃபெக்டும் அளவு மாற்றும் வேலைகள்தான்.

வெட்டுவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விஹெச்எஸ் படத்தின் அடியில் ஓடும் கலங்கல் பட்டையை மறைக்க, படத்தை ஒரு வரி மேலே நகர்த்தினால் போதும், ஃபீல்டு ஆர்டர் தலைகீழாகிவிடும். டீஇன்டர்லேஸ் செய்த பிறகு வெட்டினால் இந்தக் கவலை இல்லை.

டீஇன்டர்லேஸ் முறைகள் நாலைந்து இருக்கின்றனவே. எதை எடுப்பது?

பிளெண்ட் என்று ஒன்று இருக்கும். அதைத் தொடாதீர்கள். இரண்டு ஃபீல்டையும் ஒன்றன்மேல் ஒன்று கரைத்துவிடும். கோடு போய்விடும், சரிதான். ஆனால் அசையும் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆவி உருவம் ஒட்டிக்கொள்ளும். தவில்காரருக்கு நாலு கை. அதை மறுபடி பிரிக்கவே முடியாது. பார்த்தவுடன் "பரவாயில்லை" என்று தோன்ற வைப்பதால்தான் இதை நான் ரொம்ப ஆபத்தானது என்கிறேன்.

ஒரு ஃபீல்டை வீசிவிட்டு மற்றதை நிரப்புவது இன்னொரு முறை. ஆவி இருக்காது. ஆனால் 288 வரிதான் மிஞ்சும், அசைவும் பாதியாகும். பட்டுப்புடவையின் ஜரிகை, வாசல் கோலத்தின் கம்பி எல்லாம் படிக்கட்டு போலத் தெரியும்.

யாடிஃப் (Yadif), அதன் அடுத்த தலைமுறையான பிடபிள்யூடிஃப் (Bwdif) இரண்டும் முன்னும் பின்னும் உள்ள ஃபீல்டுகளைப் பார்த்து, அசையாத இடத்தில் முழு வரிகளையும் வைத்துக்கொண்டு, அசையும் இடத்தில் மட்டும் நிரப்பும். வேகமானவை, பெரும்பாலான வேலைக்குப் போதும். இரண்டில் பிடபிள்யூடிஃப் எனக்குப் பிடித்தது.

இவற்றுக்கெல்லாம் மேலே க்யூடிஜிஎம்சி (QTGMC). ஏவிசிந்த், வேப்பர்சிந்த் என்ற, கட்டளை எழுதி இயக்கும் மென்பொருள்களில் ஓடுவது. பொருள்கள் எங்கிருந்து எங்கே நகர்கின்றன என்று கணக்கிட்டு நிரப்புவதால் மெல்லிய கோடுகள் மேலும் கீழும் துடிப்பது அடங்கிவிடும். கட்டளை எழுதத் தெரியாதவர்கள் ஹைப்ரிட் என்ற இலவச மென்பொருள் வழியாகப் பயன்படுத்தலாம். மெதுவாகத்தான் ஓடும். ஆனால் அப்பா அம்மா கல்யாணக் கேசட்டை வாழ்நாளில் ஒருமுறைதான் மாற்றப் போகிறோம். ஒரு ராத்திரி காத்திருக்கலாம்.

25 ஃப்ரேமா, 50 ஃப்ரேமா?

ஐம்பது. கேமரா எடுத்தது 50 தருணங்கள். 25-ஆக மாற்றினால் பாதி அசைவைக் கையால் எடுத்து வீசுகிறோம். பழைய வீடியோவுக்கென்று ஒரு வழுக்கலான, பக்கத்தில் நின்று பார்ப்பது போன்ற ஓட்டம் உண்டு. அது இந்த ஐம்பதில்தான் இருக்கிறது. டைம்லைனையும் 50-ல் வையுங்கள், எக்ஸ்போர்ட்டையும் 50-ல் வையுங்கள்.

நான் பயன்படுத்தும் மென்பொருளில் எங்கே போய் மாற்றுவது?

பிரீமியரில், கிளிப்பை வலது கிளிக் செய்து மாடிஃபை, அதற்குள் இன்டர்ப்ரெட் ஃபுட்டேஜ். அங்கே ஃபீல்டு ஆர்டர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சீக்வென்ஸ் செட்டிங்கிலும் எக்ஸ்போர்ட்டிலும் ஃபீல்டு என்ற இடத்தில் ஒரே பதில் இருக்க வேண்டும். கோடு வந்த பல ப்ராஜெக்ட்டுகளை நான் திறந்து பார்த்ததில், இந்த மூன்றும் மூன்று திசையில் இருந்தன. பிரீமியர் தானே செய்யும் டீஇன்டர்லேஸ் எளிய வகை, கூர்மை குறையும்.

டாவின்சி ரிசால்வில் மீடியா பூலில் கிளிப் அட்ரிப்யூட்ஸைத் திறந்தால் டீஇன்டர்லேஸ் என்ற பெட்டி இருக்கும், அதை டிக் செய்யுங்கள். வேகாஸில் ப்ராஜெக்ட் ப்ராப்பர்ட்டீஸில் டீஇன்டர்லேஸ் மெதட் "நன்" என்று இருந்தால் கோடு நிச்சயம் வரும், இன்டர்பொலேட் வையுங்கள். ஷாட்கட்டில் எக்ஸ்போர்ட்டின் அட்வான்ஸ்டு பகுதியில் டீஇன்டர்லேசர் பட்டியல் இருக்கிறது, அதில் பிடபிள்யூடிஃப்.

நான் செய்வது வேறு. எடிட்டிங் மென்பொருளுக்குள் இன்டர்லேஸ் ஃபைலை விடுவதே இல்லை. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மாற்றி மென்பொருளில் ஃபில்டர்ஸ் பகுதிக்குப் போய் டீஇன்டர்லேஸில் பாப் (Bob, ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு ஃப்ரேமாக்குவது) என்பதைத் தேர்ந்து, ஃப்ரேம் ரேட்டை 50 ஆக்கி, தரத்தை உயர்த்தி வைத்து மாற்றிவிடுவேன். முக்கியமான கேசட் என்றால் க்யூடிஜிஎம்சி. அப்படி வந்த புரோகிரசிவ் ஃபைலைத்தான் எடிட் செய்கிறேன். வட்டில் கூடுதல் இடம் பிடிக்கும், ஆனால் பிறகு எந்த எஃபெக்ட் போட்டாலும் நிம்மதி.

யூடியூபில் ஏற்றினால் அசைவு கெடுகிறதே?

720-க்குக் குறைந்த அளவில் யூடியூப் 50 ஃப்ரேமைக் காட்டாது. 576 வரி ஃபைலை அப்படியே ஏற்றினால் அசைவு பாதியாகிவிடும். டீஇன்டர்லேஸ் செய்து, 1440 க்கு 1080 அளவுக்குப் பெரிதாக்கி 50 ஃப்ரேமில் ஏற்றுங்கள். பழைய 4:3 படத்துக்கு அதுதான் சரியான அளவு. அகலத்தை 1920-க்கு இழுத்துவிட்டால் எல்லோர் முகமும் பருத்துப்போகும்.

வீட்டுப் பெரியவர்களுக்கு டிவிடி வேண்டும். அதற்கும் டீஇன்டர்லேஸ் செய்ய வேண்டுமா?

வேண்டாம். டிவிடியே இன்டர்லேஸ் வடிவத்தை ஏற்கும். மூலமும் 576 வரி, போய்ச் சேர்வதும் 576 வரி. அளவை மாற்றாமல், ஃபீல்டு ஆர்டரை மாற்றாமல், இன்டர்லேஸாகவே அனுப்புங்கள். 50 அசைவும் அப்படியே போய்ச் சேரும். ஆல்பம் ஃபோட்டோக்களை நடுவில் சேர்த்திருந்தால், ஜரிகை போன்ற மெல்லிய கிடைக்கோடுகள் மட்டும் மினுக்கும். அந்த ஃபோட்டோக்களுக்கு ஃப்ளிக்கர் ரிமூவல் போட்டால் அடங்கும்.

ரெண்டர் ஆன ஃபைல்தான் என்னிடம் இருக்கிறது. காப்பாற்ற முடியுமா?

உயரம் 576 என்று இருந்தால் நம்பிக்கை உண்டு. ஃபைல் தன்னைப் புரோகிரசிவ் என்று சொல்லிக்கொள்ளும். நீங்கள் இன்டர்லேஸ் என்று மாற்றிச் சொல்லி, ஃபீல்டு ஆர்டரைச் சோதித்து, டீஇன்டர்லேஸ் செய்யுங்கள். ரொம்பவும் சுருக்கப்பட்ட ஃபைல் இல்லையென்றால் நன்றாகவே வரும். உயரம் 720, 1080 என்று மாறியிருந்தால் மூலத்துக்குத்தான் போக வேண்டும்.

என் அத்தையின் கல்யாணக் கேசட்டுக்கு இப்படித்தான் ஆனது. மினிடிவி கேசட்டை ஒரு கடையில் கொடுத்து மாற்றி வாங்கினோம். வந்த ஃபைல் 720 வரிக்கு இழுக்கப்பட்டிருந்தது, கோடெல்லாம் பட்டை பட்டையாகப் பதிந்து. தாலி கட்டும் அந்த நாலு விநாடியில் அட்சதை விழுவது ஒரு சாம்பல் நிறக் கலங்கலாகத்தான் தெரிந்தது. அத்தை "அந்தக் காலத்து கேமரா அப்படித்தான்" என்று சொல்லி ஏற்றுக்கொண்டுவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. கேசட் பீரோவில் பத்திரமாக இருந்தது. பழைய கேமரா ஒன்றை இரவல் வாங்கி, ஃபயர்வயரில் மறுபடி எடுத்து, ஃபீல்டு பிரித்து ஓடவிட்டோம். தாத்தா கையிலிருந்து அரிசி விழுவது ஒவ்வொரு மணியாகத் தெரிந்தது. அத்தை அதை மூன்று முறை திருப்பிப் போடச் சொன்னார்.

கனடாவில் இருக்கும் சித்தப்பா அனுப்பிய கேசட்டில் வேறு மாதிரி பிரச்சினை வருகிறது. ஏன்?

அங்கே புழங்கியது என்டிஎஸ்சி (NTSC) என்ற வேறொரு டிவி முறை. 480 வரி, விநாடிக்கு 29.97 ஃப்ரேம், ஃபீல்டு கணக்கில் 59.94. அதை நம் 25 ஃப்ரேம் டைம்லைனில் டீஇன்டர்லேஸ் செய்யாமல் போட்டால் கோடும் வரும், நடை தடுமாறவும் செய்யும். முதலில் தனியாக 59.94 புரோகிரசிவாக மாற்றுங்கள். அந்த கேசட் மட்டும் என்றால் 59.94-லேயே எடிட் செய்து முடியுங்கள். இலங்கை, சிங்கப்பூர், மலேசியா கேசட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கெல்லாம் புழங்கியது நம்மைப் போல பால்தான்.

கோடு போய்விட்டது. ஆனால் சிவப்புக் கூறைப்புடவையின் ஓரம் மட்டும் பல் பல்லாக இருக்கிறது.

இதைக் கவனித்தீர்கள் என்றால் உங்கள் கண் நல்ல கண். பால் மினிடிவியில் வெளிச்சம் முழு வரிகளிலும், நிறம் பாதி வரிகளிலும் பதிவாகிறது. அந்த நிறமும் ஃபீல்டு ஃபீல்டாகத்தான் பிரிந்திருக்கும். டீஇன்டர்லேஸுக்கு முன்பே ஏதோ ஒரு மென்பொருள் அதைப் புரோகிரசிவ் என்று நினைத்து நிறத்தை விரித்திருந்தால், வெளிச்சம் சரியாகி நிறம் மட்டும் பின்னிக்கிடக்கும். அழுத்தமான சிவப்பில்தான் அது பளிச்சென்று தெரியும். நடுவில் வேறு வடிவத்துக்கு மாற்றாமல், மூல ஃபைலிலிருந்து நேராக டீஇன்டர்லேஸ் செய்தால் போய்விடும்.

ஸ்லோ மோஷன் வைத்தால் கோடு ரொம்ப மோசமாகத் தெரிகிறது.

ஒவ்வொரு ஃப்ரேமும் நின்று நின்று போவதால் பல்லும் நின்று தெரியும். 50 ஃப்ரேமாகப் பிரித்த கிளிப்பை 25 டைம்லைனில் பாதி வேகத்தில் ஓடவிடுங்கள். ஒரு ஃப்ரேமைக்கூடக் கற்பனையாக நிரப்பாமல் அசல் ஸ்லோ மோஷன் கிடைக்கும்.

ஃபோனில் எடுத்த வீடியோவிலும் கிடைக்கோடு வருகிறதே?

அது இன்டர்லேஸ் இல்லை. ஃபோன் புரோகிரசிவாகத்தான் எடுக்கும். படம் முழுக்க அகலமான நிழல் பட்டை மெல்ல ஊர்ந்தால் அது விளக்கின் துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 50-ல் ஒரு பங்கு அல்லது 100-ல் ஒரு பங்கு என்று வைத்தால் நிற்கும். டீஇன்டர்லேஸ் போட்டுப் படத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

டீஇன்டர்லேஸ் செய்து முடித்த பின் மூல ஃபைலை அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள். மினிடிவி ஒரு மணி நேரம் ஏறத்தாழ 13 ஜிபி. இன்றைய வட்டில் அது ஒரு மூலை. அதில் 50 தருணங்களும் பிரிக்கப்படாமல் அப்படியே இருக்கின்றன. நாளை க்யூடிஜிஎம்சியைவிட நல்ல ஃபில்டர் வந்தால் மறுபடி அதிலிருந்தே தொடங்கலாம். இரண்டு வட்டுகளில் பிரதி எடுத்து, ஒன்றை உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். ஃபைலின் பெயரிலேயே "பால், கீழ் ஃபீல்டு முதல்" என்று எழுதிவிடுங்கள். பத்து வருடம் கழித்து எடுப்பவர் சோதித்துப் பார்த்துத் திண்டாட வேண்டியிருக்காது.